பாடினவர் பெயரும் பாட்டின் பெருமையும்

ஒரு நூலின் ஏற்றத்தைச் சொல்லப் புகுகிறவர்கள், சொல்பவரின் ஏற்றம், சொல்லப்படும் பொருளின் ஏற்றம், நூலின் ஏற்றம் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். வ்யாக்யானங்களில் பழகின வாசகர்களுக்கு இந்தப் பிரிவு புதிதன்று. இம்மூன்றில் முதலாவதாகிய வக்த்ரு வைலக்ஷண்யம் மற்ற இரண்டையும் எவ்வளவு தூரம் ஆளலாம் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. பாடினவர் நல்லவர் என்று கேட்டவுடன் பாட்டு இனிக்கிறது. அவரைப்பற்றி ஒரு பழிச்சொல் காதில் விழுந்தவுடன் அதே பாட்டு கசக்கிறது. பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லையே, மாறினது எது?

இக்கேள்வியை நமக்கு நெருங்கிய நூல்களை வைத்து ஆராய்ந்தால் பக்ஷபாதம் குறுக்கிடும். ஆகையால் தொலைவிலுள்ள ஓர் இலக்கியத்தை எடுத்துக்கொள்கிறோம். ஜப்பானியப் பழைய இலக்கியத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. உரைகளும், உரைக்கு உரைகளும், கவிகளைப்பற்றிய கதைகளும், அக்கதைகளுக்கு மறுப்புகளும் அங்கே அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கின்றன. ஒரு கவியின் பெயர் தலைமுறை தோறும் என்னென்ன பாடுபட்டது என்பதை அங்கே தெளிவாகக் காணலாம்.

ஒனோ நோ கொமாச்சி என்னும் பெண் கவியை முதலில் பார்ப்போம். இவர் 9ஆம் நூற்றாண்டினர். 905ஆம் ஆண்டு அரசாணையால் தொடங்கிய ‘கொகின்ஷூ’ என்னும் தொகுப்பில் இவர் செய்யுள்கள் 18 உள்ளன. இவருடைய வாழ்க்கையைப்பற்றி உறுதியாகச் சொல்லத்தக்கது ஏறக்குறைய இவ்வளவே. பிறந்த ஊர், பெற்றோர், இறந்த இடம் என்று வழங்குவனவெல்லாம் பிற்காலத்தார் சொன்னவை.

அந்தத் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய கி நோ த்ஸுராயுகி, முற்காலக் கவிகள் அறுவரை எடுத்து ஒவ்வொருவர் நடையையும் ஓர் உவமையால் விளக்குகிறார். கொமாச்சியின் கவிதை உருக்கமுடையது, வலிமையற்றது. நோயுற்ற அழகிய பெண்ணைப் போன்றது என்பது அவர் கருத்து. இது நடைக்குச் சொன்ன உவமை. ஆறு பேரில் ஒருவரும் அவரிடம் குறையின்றித் தப்பவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். நரிஹிரா என்னும் கவியின் பாட்டை வாடியபின்னும் மணம் மாறாத பூவுக்கு ஒப்பிட்டார். அதைக்கொண்டு நரிஹிரா வாடிப்போன மனிதர் என்று யாரும் கதை கட்டவில்லை. கொமாச்சி விஷயத்தில் மட்டும் உவமையே சரித்திரமாகிவிட்டது என்று அடியேனுக்குத் தோன்றுகிறது. பாட்டுக்குச் சொன்ன அழகும் நோயும் பாடினவர் தலையில் ஏறின.

அதன்பின் கதைகள் பெருகின. ஃபுகாகுஸா என்னும் ஊரைச் சேர்ந்த பிரபு ஒருவன் இவரை விரும்பினான். நூறு இரவுகள் தொடர்ந்து வந்தால் இசைவதாக இவர் சொன்னார். தொண்ணூற்றொன்பது இரவுகள் வந்து நூறாவது இரவு கூடாமல் அவன் இறந்தான் என்பது ஒரு கதை. அந்தக் கொடுமையின் பயனாக இவர் முதுமையில் அழகிழந்து, கந்தை உடுத்துத் தெருவில் பிச்சையெடுத்தார் என்பது மற்றொன்று. இறந்த உடல் படிப்படியாக அழுகிப்போவதைக் காட்டி நிலையாமையை உணர்த்தும் பௌத்த ஓவியங்களிலும், அந்த உடல் கொமாச்சியுடையது என்றே பெயர் ஏற்பட்டது. 18 செய்யுள் பாடினதற்கு ஒரு பெண் கொடுத்த விலை இது!

கதை பெருகினவுடன் பாட்டின் பொருளும் மாறிற்று. பூவின் நிறம் மழையில் வெளிறிப்போனதைச் சொல்லும் இவருடைய புகழ்பெற்ற செய்யுள் ஒன்று உண்டு. அதில் வரும் ‘ஃபுரு’ என்னும் சொல் மழை பெய்தலையும் காலம் கழிதலையும் ஒருங்கே குறிக்கும். ‘நகமே’ என்பது நீண்ட மழையையும், ஒன்றை நோக்கியபடி நினைவில் ஆழ்ந்திருத்தலையும் குறிக்கும். இப்படிச் சிலேடையால் இரு பொருளும் பின்னிச் செல்லும் நுண்மையான பாட்டு அது. தொகுத்தவர்கள் அதை வசந்தகாலப் பாடல்களின் இரண்டாம் பகுதியில் வைத்தார்கள். காதற் பாடல்களில் வைக்கவில்லை. பிற்காலத்து வாசகரோ கிழவியின் கதையைக் கேட்டுவிட்டு வருகிறார். அவருக்குப் பூவும் தெரிவதில்லை, மழையும் தெரிவதில்லை. தன் அழகு போயிற்றே என்று புலம்பும் பெண் ஒருத்தியே தெரிகிறாள். பாட்டிலிருந்து எடுத்த வித்தைக்கொண்டு கதையை வளர்த்து, வளர்ந்த கதையைப் பாட்டுக்குச் சான்றாகக் காட்டினார்கள். தர்க்க நூலார் இதை அந்யோந்யாஶ்ரயம் என்பர். ஒன்று மற்றொன்றைப் பற்றி நிற்க, இரண்டுக்கும் தரை இல்லை.

இதை ஐயுற்றவர்கள் பழங்காலத்திலேயே இல்லாமற் போகவில்லை. 1330ஆம் ஆண்டையொட்டித் தம் குறிப்புநூலை எழுதிய கென்கோ என்னும் துறவி, கொமாச்சியின் வரலாறு மிகவும் தெளிவற்றது என்கிறார். அவருடைய வீழ்ச்சிக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பழைய நூலொன்றைக் கூகாய் என்னும் பெரியவர் இயற்றினார் என்று ஒரு சாரார் சொல்லிவந்தனர். கூகாய் மறைந்தது 835ஆம் ஆண்டு. கொமாச்சி சிறப்புற்று விளங்கியதோ அதற்குப் பின். பின்னால் நிகழ்ந்த முதுமையை முன்னால் மறைந்தவர் எப்படி வருணித்தார் என்பது கென்கோவின் ஐயம். மிக எளிய கேள்விதான். ஆனால் அதைக் கேட்க ஒருவர் வரும்வரை கதை நெடுந்தூரம் நடந்துவிட்டது. அவர் கேட்டபின்னும் நடந்துகொண்டே இருந்தது.

இங்கே ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தக் கிழவிக் கதையையே எடுத்துக்கொண்டு கன்னமி என்பவர் பெயரால் வழங்கும் ‘ஸொதோபா கொமாச்சி’ என்னும் நோஹ் நாடகத்தில், தளர்ந்துபோன கொமாச்சி ஒரு ஸ்தூபியின் மேல் அமர்ந்துவிடுகிறாள். அவ்வழியே வந்த துறவிகள் அபசாரம் என்று கண்டிக்கிறார்கள். அவளோ ஸாஸ்த்ரத்தைக் கொண்டே வாதிட்டு அவர்களை வாயடைக்கச் செய்கிறாள், துறவிகள் தலைவணங்குகிறார்கள். பழித்த கதைக்குள்ளேயே ஒரு நாடகாசிரியர் அவளுக்குப் பேச இடம் கொடுத்தார். ஆராய்ச்சியாளர்கள் செய்த நியாயத்தைவிட இது பெரிய நியாயம் என்றே கருதுகிறோம்.

ஒரு கவியின் பெயரை மற்றொரு கவியே கெடுப்பதும் உண்டு. ‘தலையணைக் குறிப்புகள்’ என்று வழங்கும் நூலை எழுதிய ஸெய் ஷோனகோன் பேரரசி தெய்ஷியின் அவையில் இருந்தவர். முரஸாகி ஷிகிபு, போட்டி அரசியான ஷோஷியின் அவையைச் சேர்ந்தவர். முரஸாகி தம் நாட்குறிப்பில் ஷோனகோனைச் செருக்குடையவர் என்கிறார். இப்படிப்பட்டவரின் முடிவு எப்படி நன்றாயிருக்கும் என்றும் கேட்கிறார். பிற்காலத்துக் கதைகள் அந்தக் கேள்விக்கு விடை சொல்வனபோல் எழுந்தன. பாழடைந்த வீட்டில் கோரமான தோற்றத்துடன் இருந்த கிழத் துறவியாக ஷோனகோனைக் காட்டும் கதையொன்று 13ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில் உள்ளது. எதிரியின் அவையிலிருந்து வந்த சொல் என்பதை மறந்து, அதைத் தீர்க்கதரிசனமாக எடுத்துக்கொண்டார்கள்.

பிறர் முடிவைப்பற்றிச் சொன்ன முரஸாகிக்கு என்ன நேர்ந்தது? அதுவே இதைவிட வியப்பு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 54 பகுதிகளில் அவர் எழுதிய ‘கெஞ்சி’ கதை ஜப்பானிய உரைநடையின் சிகரமாக மதிக்கப்படுகிறது. கவிதைத் துறையில் பெருந்தலைவராக விளங்கிய ஃபுஜிவாரா நோ ஷுன்ஸெய், 1193ஆம் ஆண்டுக் கவிப்போட்டியொன்றின் தீர்ப்பில், கெஞ்சியைப் படிக்காமல் கவிபாட வருவது வருந்தத்தக்கது என்ற கருத்தை வெளியிட்டார். ஆனால் அதே நூற்றாண்டில், பொய்க்கதை புனைந்து மக்கள் மனத்தை மயக்கின பாவத்தால் முரஸாகி நரகத்தில் விழுந்தார் என்ற பேச்சும் பரவியிருந்தது. சோகென் என்னும் துறவியின் காலந்தொட்டு, அவரை நரகத்திலிருந்து மீட்க ‘தாமரை ஸூத்ர’த்தைப் பிரதிசெய்து அர்ப்பணிக்கும் சடங்குகள் நடந்தன. அந்தச் சடங்கு ஆசிரியருக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. கதையை விரும்பிப் படித்தவர்களுடைய பாவமும் அதில் தீரவேண்டுமென்று வேண்டினார்கள். படிப்பதை விடவும் முடியவில்லை, படித்ததற்கு அஞ்சாமலிருக்கவும் முடியவில்லை!

இதற்கு நேர்மாறான கதையும் அக்காலத்திலேயே உண்டு. முரஸாகி மானிடப் பெண்ணே அல்லர். கருணையின் வடிவான கன்னோன் போதிஸத்வரின் அவதாரம். இஷியாமா கோயிலில் நிலவைப் பார்த்தபடி அவர் இந்தக் கதையைத் தொடங்கினார் என்பர். ‘கெஞ்சி குயோ’ என்னும் நோஹ் நாடகத்தில், தம் ஆன்மா அமைதியடையச் சடங்கு வேண்டும் என்று கேட்டு வரும் முரஸாகியே முடிவில் இஷியாமாவின் கன்னோன் என்று போற்றப்படுகிறார். நரகத்தில் வேகிறவரும் அவரே, கரையேற்றுகிறவரும் அவரே.

இவ்விரண்டும் எதிரெதிரானவை என்று மேலுக்குத் தோன்றும். உள்ளே பார்த்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. இவ்வளவு ஆற்றலுடைய நூலை ஒரு ஸாதாரணப் பெண் எழுதியிருக்க முடியாது என்பதே அந்த வேர். அதனால்தான் அவருடைய தந்தையே கதையின் பெரும்பகுதியை வகுத்தார் என்றும், இறுதியிலுள்ள உஜிப் பகுதிகள் அவர் மகளுடையவை என்றும் வேறு சிலர் பேசினர். 1703ஆம் ஆண்டு ஆந்தோ தமேஅகிரா என்பவர் முரஸாகிக்குப் பரிந்து ஒரு நூல் எழுதினார். அவர் கற்புடையவர், அடக்கமுடையவர், நல்லறிவைப் புகட்டவே கதை எழுதினார் என்று வாதித்தார். எண்ணம் நல்லதே. ஆயினும் ஆசிரியர் நடத்தையைக் கொண்டே நூலின் மதிப்பைத் தீர்க்கவேண்டும் என்று எதிரிகள் போட்ட கோட்டை அவரும் தாண்டவில்லை. அரசனின் மனைவியோடு கெஞ்சி கொண்ட முறைகெட்ட உறவு கதையின் மையத்தில் கிடக்கிறது. ஆசிரியர் கற்புடையவர் என்பதால் அது மறைந்துவிடுமா?

கோட்டைத் தாண்டினவர் மோதோஓரி நோரினாகா (1730–1801). கெஞ்சியின் நன்மை தீமைகளைப் பௌத்தத்தின் அளவுகோலாலும் கன்ஃபூஷியஸ் நெறியின் அளவுகோலாலும் அளக்கலாகாது என்றார். பொருள்களின் நெகிழ்ச்சியை நெஞ்சு உணர்வதாகிய ‘மோனோ நோ அவரே’ என்பதே அந்நூலின் நோக்கம். தாமரையை விரும்புகிறவர் சேற்று நீரைத் தேக்கிவைப்பதுபோல, அந்த உணர்வைக் காட்டவே முறைகெட்ட காதலும் கதையில் இடம்பெற்றது என்பது அவர் விளக்கம். இதை முழுதும் ஒப்புக்கொள்ள இயலுமா என்பது வேறு விஷயம். சேற்றில் மிதிபட்டவர்களும் கதையில் இருக்கிறார்களே. ஆனால் விவாதம் ஆசிரியரை விட்டு நூலுக்குள் வந்தது. அதுவே பெரிய உபகாரம்.

இதுவரை சொன்னவற்றில் தீர்ப்பு எளிது. பொய்யான கதை, ஆகையால் தவறான வாசிப்பு என்று சொல்லிவிடலாம். வாழ்வும் பாட்டும் உண்மையிலேயே பொருந்தியிருக்கும் இடத்தில் என்ன செய்வது? ஸைக்யோவின் விஷயம் அப்படிப்பட்டது.

ஸைக்யோ 1118இல் பிறந்தார். ஓய்வுபெற்ற பேரரசர் தோபாவின் காவற்படையில் பணியாற்றி, 1140இல் துறவு பூண்டார். வசந்தத்தில், இரண்டாம் மாதத்து முழுநிலவுக் காலத்தில், மலர்ந்த செர்ரி மரத்தின் கீழ் இறக்கவேண்டும் என்று விரும்பி ஒரு செய்யுள் பாடியிருந்தார். இரண்டாம் மாதம் 15ஆம் நாள் புத்தர் பரிநிர்வாணம் அடைந்த நாளாகக் கொண்டாடப்படுவது. பாடிப் பல ஆண்டுகள் கழித்து, 1190ஆம் ஆண்டு, கவாச்சி நாட்டின் ஹிரோகவா கோயிலில் ஸைக்யோ இறந்தார். நாள், இரண்டாம் மாதம் 16. செய்தி பரவியதும் கவிகள் உலகம் நெகிழ்ந்துபோயிற்று. ஷுன்ஸெயும் அந்தச் செய்யுளை நினைந்து உருகினார்.

அந்தச் செய்யுளை அவர் ஏற்கெனவே மதிப்பிட்டிருந்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். ஸைக்யோ தம் செய்யுள்களையே இரண்டிரண்டாக எதிர்நிறுத்தி இஸே திருத்தலத்துக்கு அர்ப்பணித்த தொகுப்புக்கு, 1187ஆம் ஆண்டளவில் தீர்ப்பு எழுதியவர் ஷுன்ஸெய். அப்போது ஸைக்யோ உயிரோடிருந்தார். இச்செய்யுள் வடிவழகு நிரம்பியதன்று. ஆயினும் தனக்குரிய போக்கில் முன்னும் பின்னும் பொருந்திச் சிறக்கிறது. இத்துறையில் ஆழ்ந்து செல்லாதவர் இதைப் பார்த்துப் பாட முயன்றால் கெடுவர் என்ற கருத்துப்பட எழுதினார். பாராட்டும் எச்சரிக்கையும் அளவோடு கலந்த, தேர்ந்த கை எழுதிய தீர்ப்பு அது. மூன்றாண்டில் செய்யுள் மாறவில்லை. பாடினவர் இறந்தார், அவ்வளவே. பிறகு அந்தக் குறையை யாரும் பேசவில்லை.

இங்கே ஒரு பூர்வபக்ஷம் உண்டு. ‘இது வருணனைப் பாட்டன்று, விருப்பத்தைச் சொல்லும் பாட்டு. ஒருவர் கொடுத்த வாக்கு நிறைவேறியபின் அதற்கு மதிப்புக் கூடுவதில்லையா? அதுபோல், பாடினபடியே இறந்தவரின் பாட்டுக்கு மதிப்புக் கூடுவதில் என்ன தவறு?’ என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை எளிதில் தள்ள முடியாது. பாட்டில் சொன்ன விருப்பம் வெறும் அலங்காரமா, நெஞ்சிலிருந்து வந்ததா என்று அறிய வாழ்க்கை உதவத்தான் செய்கிறது. ஐம்பது ஆண்டுகள் துறவியாய் நிலவையும் மலரையும் பற்றிப் பாடித்திரிந்த ஒருவரின் விருப்பம், அவையில் அமர்ந்து தலைப்பு வாங்கிப் பாடினவரின் விருப்பத்தோடு ஒக்காது. அவ்வளவு தூரம் பூர்வபக்ஷியோடு உடன்படுகிறோம். ஆனால் நாள் பொருந்தியது ஸைக்யோவின் செயலன்று. 16ஆம் நாளுக்குப் பதில் ஐந்தாம் மாதத்து மழையில் அவர் இறந்திருந்தால் அந்த நெஞ்சு பொய்யாகிவிடுமா? வாய்மையை அறிய ஐம்பது ஆண்டு வாழ்வு போதும். இறந்த நாள் அதற்குமேல் ஒன்றும் சேர்ப்பதில்லை. வாய்மையோ பாட்டின் நெஞ்சுக்கே சான்றாகும். ஷுன்ஸெய் கண்ட வடிவக் குறைக்கு அது மருந்தன்று.

பெயரின் புகழ் ஒரு நாள் வித்தியாசத்தைக்கூடப் பொறுக்கவில்லை. பின்னெழுந்த ‘ஸைக்யோ கதை’ அவர் 15ஆம் நாளிலேயே இறந்ததாகத் திருத்திக்கொண்டது. அதே கதை, துறவு பூணும்போது ஆடையைப் பற்றி வந்த நான்கு வயது மகளை அவர் திண்ணையிலிருந்து உதைத்துத் தள்ளினார் என்று சொல்லி, அதைப் பற்றறுத்தமைக்கு அடையாளமாகப் புகழ்கிறது. கொமாச்சிக்குக் கொடுமை கற்பித்துப் பழித்தார்கள். ஸைக்யோவுக்குக் கொடுமை கற்பித்துப் போற்றினார்கள். ஒன்று காதலனை வாடவிட்டது, மற்றொன்று குழந்தையை உதைத்தது. இரண்டும் நடந்ததற்குச் சான்றில்லை. எதை மன்னிப்பது, எதைத் தண்டிப்பது என்பதைச் செயல் தீர்மானிக்கவில்லை. முன்பே ஏற்பட்டிருந்த பெயரும், ஆண் பெண் என்ற வேற்றுமையும் தீர்மானித்தன.

புகழ் தெய்வத்தன்மையாகவும் வளர்வதுண்டு. பண்டைக் கவி ஹிதோமாரோவின் படத்தை மாட்டிப் படையலிட்டுக் கவிதை பாடும் வழிபாட்டை 1118இல் ஃபுஜிவாரா நோ அகிஸுவே நடத்தினார். பெயர் பெரிதானவுடன் ஊரார் பாட்டெல்லாம் அப்பெயரில் சேர்ந்தன. நூறு கவிகளின் புகழ்பெற்ற திரட்டில் ஹிதோமாரோவின் பெயரால் நிற்கும் செய்யுள், ‘மன்யோஷூ’வில் ஆசிரியர் பெயரில்லாமல் இருப்பதே. இப்படி வளர்ந்த பெயர்களை 1890களில் மஸஓகா ஷிகி என்பவர் தாக்கினார். பாஷோவை ஒரு மதத்தலைவராக்கி வழிபடுகிறார்கள், அவர் பாட்டுகளில் பெரும்பகுதி தேறாதவை என்றார். 1898இல், த்ஸுராயுகி மட்டமான கவி என்றும் எழுதினார். துணிவு மெச்சத்தக்கது. எனினும் அதன்பின் பலர் ‘கொகின்ஷூ’வைப் படிக்காமலே ஒதுக்கினார்கள், அவர்களுக்கு ஷிகியின் பெயரே போதுமானதாயிருந்தது.

அப்படியானால் பெயர்களையே நீக்கிவிட்டுப் படிப்போம் என்று சிலர் சொல்லக்கூடும். கவர்ச்சியான வழிதான், ‘கொகின்ஷூ’வில் நூற்றுக்கணக்கான செய்யுள்கள் ‘பாடினவர் தெரியவில்லை’ என்ற குறிப்போடு நின்று இன்றும் இனிக்கின்றனவே. இதற்கு உடன்படவிடாமல் நம்மைத் தடுப்பது ததனோரியின் கதை.

தைரா நோ ததனோரி போர்வீரர், கவியும் கூட. 1183இல் தைரா குலம் தலைநகரை விட்டு ஓடியபோது, அவர் வழியிலிருந்து திரும்பி வந்து ஷுன்ஸெயின் கதவைத் தட்டினார் என்று ‘ஹெய்கே கதை’ சொல்லும். தம் பாட்டுகள் அடங்கிய சுருளைக் கொடுத்து, அரசாணைத் தொகுப்பு உருவாகும்போது ஒன்றையாவது சேர்க்கவேண்டும் என்று வேண்டிப் போனார். அடுத்த ஆண்டு இச்சி-நோ-தானிப் போரில் மாண்டார். ஷுன்ஸெய் தொகுத்த ‘ஸென்ஸாய்ஷூ’ 1188இல் முடிந்தது. ஷிகாவின் பாழடைந்த பழைய தலைநகரில் பூத்த மலரைப்பற்றிய அவர் பாட்டு அதில் இடம்பெற்றது. ஆனால் அவர் அரசின் பகைவர். ஆகையால் ‘பாடினவர் தெரியவில்லை’ என்ற குறிப்போடுதான் சேர்க்க முடிந்தது. தெரிந்தே தெரியாதென்று எழுதினார் ஷுன்ஸெய்! பாட்டு பிழைத்தது; பாட்டுக்கு வரக்கூடிய பழியும் நீங்கிற்று. பெயரின்றிப் படிப்பதே நேர்மை என்பவர்களுக்கு இதைவிடத் தூய நிலை வேறில்லை.

ஸெயாமி இயற்றிய ‘ததனோரி’ நாடகத்தில் அந்த வீரரின் ஆவி அமைதியின்றித் திரிகிறது. போரில் தோற்றதற்காக அது அழவில்லை. தம் பாட்டைப் புகழவேண்டும் என்றும், தம் குலத்தின் குற்றத்தை மறக்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. முன்பு ஷுன்ஸெயிடம் பணிபுரிந்த ஒரு துறவியைக் கண்டு, ஷுன்ஸெயின் மகன் தெய்காவிடம் சொல்லி அந்தப் பாட்டில் தம் பெயரை எழுதச் செய்யும்படி மட்டும் மன்றாடுகிறது. ஜப்பானில் இன்று அந்தப் பாட்டு ததனோரியுடையது என்பதை அறியாத இலக்கிய வாசகர் இல்லை. ‘ஸென்ஸாய்ஷூ’வைத் திறந்தால், அதன் தலைப்பில் ‘பாடினவர் தெரியவில்லை’ என்பதே இன்னமும் நிற்கிறது.